உறையில் இல்லாத கை

1868 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, பேர்மிங்காம் நகரில், ஒரு புதுமாதிரியான சொக்லேற் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதன் மூடியில் ஒரு சிறுமி. அவளோடு ஒரு பூனைக்குட்டி. அந்தப் படத்தை வரைந்தவர் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஓவியர் அல்லர். தொழிற்சாலையின் உடைமையாளர் இருவரில் மூத்தவரான ரிச்சர்ட் கட்பரியே அதை வரைந்தார். சிறுமி அவருடைய மகள். நலிந்து கிடந்த தொழிலை 1861 இல் தந்தையிடமிருந்து தம்பி ஜோர்ஜுடன் சேர்ந்து ஏற்ற அவர், கணக்குப் புத்தகத்துக்கு நடுவிலும் தூரிகையைக் கைவிடவில்லை. தம் குழந்தைகளையும் பூக்களையும் விடுமுறைப் பயணங்களிற் கண்ட காட்சிகளையும் வரைந்து பெட்டிகளின் மேல் ஒட்டுவித்தார். உள்ளே இருந்ததைத் தின்று தீர்த்த பின்னரும் பெட்டியை எறிய எவருக்கும் மனம் வரவில்லை. கடிதங்களையும் ரிப்பன்களையும் வைத்துப் பேணிக்கொண்டார்கள்.

சொக்லேற் செய்பவனும் சித்திரக்காரனும் ஒரே மனிதனாய் இருந்ததற்குச் சரித்திரத்தில் இதைவிடப் புகழ்பெற்ற உதாரணம் எனக்குத் தெரியாது. சித்திரத்தால் கதை சொல்லும் கலை என்று இன்றைய விளம்பர உலகம் பேசுவதெல்லாம் அந்தப் பூனைக்குட்டியின் வம்சமே. ஆனால் அந்தப் பெட்டி சொன்ன கதை எது? சொக்லேற் என்பது ஓர் ஆங்கிலேய வீட்டின் நடுக்கூடத்தில் விளைவது என்ற கதை. கொக்கோ எங்கிருந்து வருகிறது, அதைப் பறித்தவர் எவர் என்பதற்கு மூடியில் இடமிருக்கவில்லை. இடம் கொடாததன் பலனை ரிச்சர்டின் மகன் வில்லியம் அனுபவித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் வாங்கிய கொக்கோவிற் பெரும்பங்கு போர்த்துக்கேயரின் ஆட்சியிலிருந்த சாவோ தோமே, பிரின்சிப்பே என்னும் மேற்காபிரிக்கத் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். காகிதத்தில் அவர்கள் ஒப்பந்தக் கூலிகள், உண்மையில் அடிமைகள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர் என்று எவரும் இருக்கவில்லை. 1901 இலேயே இச்செய்தி கட்பரிகளின் காதுக்கு எட்டிவிட்டது. ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் நேரிற் சென்று கண்டு 1906 இற் புத்தகமே எழுதினார். அந்தக் கொக்கோவை வாங்குவதில்லை என்று கட்பரிகள் முடிவுசெய்தது 1909 இல். எட்டு ஆண்டுகள்! இடையில் இவர்களைப் பாசாங்குக்காரர் என்று எழுதிய ஒரு தினசரியின் மேல் மானநட்ட வழக்குத் தொடுத்தார்கள். 1909 டிசம்பரில் நடுவர் குழு கட்பரிகளின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் நட்டஈடாகக் கொடுத்தது ஒரு பார்திங், அதாவது ஒரு பென்னியிற் காற்பங்கு. நீதிமன்றத்தின் மொழியில் இதனினும் நயமான அங்கதம் உண்டா?

நான் சரித்திரம் படிப்பிப்பவன் அல்லன்; உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிப்பவன். இந்தப் பழங்கதையைத் தேடிப் படிக்கவேண்டிய தேவையை எனக்கு உண்டாக்கியவள் என் பழைய மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்; ஆகையால் மாணவி என்றே குறிப்பிடுகிறேன். கொட்டாஞ்சேனையிற் பிறந்தவள். இப்போது குடும்பத்தோடு களுபோவிலையில், ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையொன்றில், மேல்மாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறாள். கொழும்பு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தை வாடகை கட்டுபடியாகாத தமிழ்க் குடும்பங்கள் கால்வாயைக் கடந்து தெகிவளை, களுபோவிலை என்று உள்ளே நகர்ந்து வருவது வெகுகாலமாக நடப்பது. நானும் அப்படி நகர்ந்து வந்தவன்தான். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடை தூரம்.

வகுப்பில் இருந்த காலத்திலே அவள் என் பாடத்தைக் கேட்டாளா என்பது சந்தேகம், ஆனால் பார்த்தாள். கண்ணகி வழக்குரைத்த பகுதியை நான் நடத்தி முடிப்பதற்குள், சிலம்பு உடைந்து பரல் தெறிப்பதை அப்பியாசக் கொப்பியின் ஓரத்தில் ஆறு கட்டங்களாக வரைந்து வைத்திருந்தாள். ஆறாவது கட்டத்தில் அரசன் இல்லை, வெறும் சிம்மாசனம். உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அந்தக் காலி ஆசனம் சொல்லிவிட்டது. அப்படிப்பட்டவள் பின்னர் வடிவமைப்புப் படித்து, விளம்பர நிறுவனமொன்றிற் சேர்ந்து, சவர்க்காரத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் படம் போட்டுக்கொண்டிருந்தாள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வியப்பில்லை. நம் சமுதாயத்தில் ஓவியத் திறமைக்குக் கிடைக்கும் பிழைப்பு அதுதானே.

2022 இல் நாடு வங்குரோத்தானது. அந்த ஆண்டு ஆகஸ்டில், அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக முந்நூறு வகைப் பொருள்களின் இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தது. அந்தப் பட்டியலில் வாசனைத் தைலங்களோடும் தலைமுழுகும் திரவங்களோடும் சொக்லேற்றும் இருந்தது. விளம்பரத் தொழிலும் படுத்துவிட்டிருந்த வேளை அது. சம்பளம் பாதியாயிற்று, வேலை நேரமும் பாதியாயிற்று. மிச்சமிருந்த பாதி நேரத்தில் அவள் குசினியிற் சொக்லேற் செய்யத் தொடங்கினாள்.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல் தேவைப்படுகிறது. பெரிய ஆலைகளின் துணையின்றிக் கொக்கோக் கொட்டையிலிருந்து சொக்லேற் கட்டி வரையில் எல்லாவற்றையும் ஒரு சிறு கூடத்திலேயே செய்து முடிக்கும் கைத்தொழில், சென்ற இருபது ஆண்டுகளாக உலகெங்கும் பரவியிருக்கிறது. அதற்குக் கால்கோளிட்ட கருவி எது தெரியுமா? நம் வீடுகளில் தோசைக்கு மா அரைக்கும் கிறைண்டர்! 1955 இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மின்சாரம் பூட்டினார் என்பது அந்த ஊரின் தொழில் வரலாறு. வறுத்து உடைத்துப் புடைத்த கொக்கோப் பருப்பை அந்தக் கருங்கல் உருளைகளுக்கிடையே இரண்டு மூன்று நாள் ஓயாமல் ஓடவிட்டால், நாக்கில் நெருடாத குழம்பாகும் என்பதை ஜோன் நான்சி என்ற அமெரிக்கர் கண்டு உலகுக்குச் சொன்னார். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் வாழும் ஆண்டாள் பாலு, பாலசுப்பிரமணியன் என்னும் தமிழ்த் தம்பதியர் அந்தக் கிறைண்டரைச் சொக்லேற்றுக்கென்றே திருத்தி அமைத்து, 'கொக்கோ டவுன்' என்ற பெயரில் உலகெங்கும் விற்றார்கள். பாரிசிலோ நியூயோர்க்கிலோ 'கைவினைச் சொக்லேற்' என்று கண்ணாடிப் பேழையில் வைத்து விற்பதைக் காணும் நண்பர்கள், அதற்குள்ளே நம் பாட்டிமாரின் ஆட்டுக்கல் சுற்றிய ஓசையையும் கேட்கலாம்.

என் மாணவி வாங்கியதும் பழைய கிறைண்டர் ஒன்றுதான். மின்வெட்டு நாள்தோறும் இருந்த மாதங்கள் அவை. கல் நின்றால் குழம்பு இறுகிவிடும். இறுகினால் சூடுகாட்டி இளக்கி மீண்டும் தொடங்கவேண்டும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அரைப்பாள். மாத்தளை வியாபாரி ஒருவரிடம் கொட்டை வாங்கினாள். மேலுறையைத் தானே வரைந்தாள். முதலில் அவள் வரைந்த உறைகள் அழகாயிருந்தன, வேறொன்றும் சொல்வதற்கில்லை. இலைகள், கொடிகள், தங்கக் கோடுகள். ரிச்சர்ட் கட்பரி பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

பிறகு ஒரு நாள் வெளிநாட்டுக்கு அனுப்பும் வர்த்தகர் ஒருவர் அவளைத் தேடி வந்தார். ஆயிரக்கணக்கிற் கட்டிகள் வேண்டும் என்றார். வாடகை நிலுவை தீரும், கிறைண்டர் ஒன்று மூன்றாகும் என்று அவள் மனக்கணக்குப் போட்டாள். நிபந்தனை ஒன்றுதான். உறையிலே யானை இருக்கவேண்டும், தாதுகோபம் இருக்கவேண்டும், தலையிற் கூடை தொங்கச் சிரிக்கும் தோட்டத்துப் பெண் ஒருத்தி இருக்கவேண்டும். கொக்கோவுக்குத் தேயிலைக் கூடை எதற்கு என்று இவள் கேட்டிருக்கிறாள். "வாங்குகிறவர்களுக்கு அதுதானே இலங்கை" என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். அதோடு, மூன்று மொழிகளில் எழுத்திட்டால் படத்துக்கு இடம் போதாது, தமிழை விட்டுவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அன்று மாலை அவள் என்னிடம் வந்தாள்.

"சேர், நான் இதை வரையலாமா?"

வரையாதே என்று சொல்லிவிடுவது எளிது. மாதம் முடிந்தால் அரசாங்கச் சம்பளம் கைக்கு வருகிறவனுக்கு இலட்சியம் பேசுவதிற் செலவில்லை. நான் அதைச் சொல்லவில்லை. "உன் அம்மாயியிடம் காட்டினாயா?" என்று மட்டும் கேட்டேன். அவளுடைய தாயின் தாய் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்தவர் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அங்கே விளைந்தது தேயிலை அன்று, கொக்கோவும் றப்பருமே என்பது அவள் சொல்லித்தான் தெரியவந்தது. படிக்கும் காலத்தில் அவளும் அதைச் சொல்லியதில்லை; நானும் கேட்டதில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வளரும் மலையகப் பிள்ளைகள் பலர் ஊர்க் கேள்வி வந்தால் மௌனமாகிவிடுவார்கள். அந்த மௌனத்துக்குக் காரணம் பிள்ளைகள் அல்லர். நம் யாழ்ப்பாணத்துப் பெருமைதான்.

மலையகம் என்றவுடன் தேயிலை என்றே நினைக்கப் பழகிவிட்டோம். அது பிந்திய கதை. முதலில் கோப்பி. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியைக் கொன்று தீர்த்தபோது, துரைமார்கள் கையிற் கிடைத்ததையெல்லாம் நட்டுப் பார்த்தார்கள். அவற்றுள் ஒன்று கொக்கோ. தும்பறைப் பள்ளத்தாக்கில், பல்லேகலைத் தோட்டத்தில், அதைப் பெருமளவிற் பயிரிட்டவர் டைற்லர் என்ற துரை. மாத்தளை, கண்டி, குருநாகல் என்று அது பரவிற்று. 'பழைய இலங்கைச் சிவப்பு' என்று இலண்டன் சந்தையில் ஒரு வகைக்குப் பெயரே இருந்தது. இலங்கைக் கொக்கோவுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. மற்ற நாடுகளிற் கொட்டையைப் புளிக்கவைத்து அப்படியே உலர்த்துவார்கள். இங்கே புளித்த கொட்டையை நீரிலிட்டுக் கழுவி, பிசின் போக்கி, பிறகு உலர்த்தினார்கள். கழுவுவதால் எடை குறையும். தோல் மெலிந்து எளிதில் உடையும். பின் ஏன் கழுவினார்கள்? கண்ணுக்கு அழகாய் இருக்கும்; நல்ல விலை வரும். சொக்லேற் ஆவதற்கு முன்பே, உறைக்கும் பெட்டிக்கும் முன்பே, கொட்டையின் மேலேயே அழகு செய்யும் வேலை தொடங்கிவிட்டது. அந்த அழகைத் தண்ணீரில் நின்று செய்த கைகள், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தவர்களின் பிள்ளைகளுடைய கைகள். 2023 இல், அவர்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் மக்கள் மீண்டும் நடந்தார்கள். ஆகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையை அடைந்த அந்த ஊர்வலத்தைப் பற்றிக் கொழும்பில் நான் பேசிக் கேட்டவர்கள் சொற்பம்.

ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தத் தீவிற் பிறந்த எவருக்கும் சொக்லேற் என்றால் முதலில் நாவில் வரும் பெயர் கண்டோஸ். அதன் அதிபர் உபாலி விஜேவர்தனவின் விமானம் 1983 பெப்ரவரி 13 ஆம் திகதி மலேசியாவிலிருந்து கொழும்புக்கு வரும் வழியிற் காணாமற்போயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்றும் தேநீர்க் கடைகளில் அந்த விமானத்தைப் பற்றிப் புதுப்புதுக் கதைகள் பிறக்கின்றன. ஒரு முதலாளியின் மறைவுக்கு இவ்வளவு கதை. மாத்தளைக் கொக்கோத் தோட்டங்களிலிருந்து மறைந்த ஆயிரமாயிரம் பேருக்குக் கதை உண்டா?

அம்மாயி அந்த மறைவுகளில் ஒருவர். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது கைக்குழந்தை, நாடற்றவராகவே வளர்ந்தார். 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி உறவினரிற் பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. நிலம் உழுபவனுக்கே என்று முழங்கும் நாம் அந்தச் சீர்திருத்தத்தை வரவேற்றவர்கள். ஆனால் அந்த நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொத்திய தமிழ்த் தொழிலாளிக்கு அதில் ஒரு பேர்ச் காணிகூட எழுதப்படவில்லை என்பதையும், பல தோட்டங்களில் லயத்திலிருந்தே அவன் துரத்தப்பட்டான் என்பதையும் உரக்கச் சொன்னவர்கள் நம்மிற் குறைவு. அம்மாயி ஒரு தகரப் பெட்டியோடு கொட்டாஞ்சேனைக்கு வந்து வீட்டு வேலை செய்தார். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்த நாட்டின் பிரஜையானார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தம் பெயரை எழுதுவார். வேறொன்றும் வாசிக்க அறியார்.

நான் போயிருந்த அன்று அவர் முன்னால் ஒரு தட்டிற் பேத்தியின் சொக்லேற் துண்டு இருந்தது. தோட்டத் தொழிலாளி வாழ்நாளில் முதன்முறையாகச் சொக்லேற் உண்டு கண்ணீர் வடித்தாள் என்று முடியும் கதைகள் நம் பத்திரிகைகளுக்குப் பழக்கமானவை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அம்மாயி வாயிற் போட்டுக் கொஞ்சம் உருட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது மூணு நாள்ல எடுத்த கொட்டை ஐயா. பெட்டியில இன்னும் கெடந்திருக்கணும். நாக்க இழுக்குது பாருங்க."

பிறகு பேத்தியைப் பார்த்து, "வறுக்காத கொட்டை இருந்தாக் கொண்டா புள்ள" என்றார். கொண்டுவந்ததைக் கத்தியால் நெடுக்கே பிளந்து எங்கள் முன் நீட்டினார். உள்ளே கத்தரிப்பூ நிறம். "மண்ணு நெறம் வரணும். வெடிப்பு வெடிப்பா இருக்கணும். இது கெட்டியா இருக்கு. இத வச்சு நீ என்னா பண்ணினாலும் கசக்கத்தான் செய்யும்."

கொட்டையை நெடுக்கே பிளந்து நிறம் பார்த்து மதிப்பிடுவது உலகக் கொக்கோ வர்த்தகம் முழுவதிலும் கையாளப்படும் சோதனை. மாணவி அதைப் புத்தகத்திற் படித்திருந்தாள். விளக்கமும் தெரிந்திருந்தது. காயை உடைத்து எடுத்த கொட்டையைச் சுற்றியுள்ள வெண்ணிறச் சதையில் இனிப்பு இருக்கிறது. வாழையிலையால் மூடிக் குவித்தோ மரப்பெட்டியில் இட்டோ வைத்தால் அந்த இனிப்பு புளித்து முதலிற் சாராயமாகவும் பின்னர் காடியாகவும் மாறுகிறது. குவியலின் சூடு ஐம்பது பாகை வரையில் ஏறுகிறது. அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதை சாகிறது. செத்த விதைக்குள்ளேதான் சொக்லேற்றின் சுவைக்கு வித்துப் பிறக்கிறது. வகைக்கு ஏற்ப இரண்டு நாளும் ஆகலாம், ஏழு நாளும் ஆகலாம். இடையிடையே கிளறிக் கொடுக்கவேண்டும். இந்தக் கட்டத்திற் கெட்டதைக் கோயம்புத்தூர்க் கல்லும் திருத்தாது, சுவிற்சர்லாந்து இயந்திரமும் திருத்தாது. கற்றறிந்த சுவைஞர்கள் 'துவர்ப்பு மிகுதி' என்று எழுதுவதை அம்மாயி 'நாக்க இழுக்குது' என்கிறார். எது சிறந்த தமிழ் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வியாபாரியிடம் விசாரித்தபோது காரணம் விளங்கிற்று. இன்று மாத்தளையிற் கொக்கோ பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களில் நாலு மரம், பத்து மரம் என்று நிற்பது. அணிலும் குரங்கும் தின்றது போக மிச்சத்தைச் சிறு விவசாயி கொண்டுவந்து கொடுக்கிறான். நன்றாகப் புளித்ததற்கும் அரைகுறையாய்க் காய்ந்ததற்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஆறு நாள் காத்துக் கிளறுவதற்குக் கூலி யார் தருவார்? அவன் செய்வது சோம்பல் அன்று, கணக்கு. 2024 டிசம்பரில் நியூயோர்க் சந்தையிற் கொக்கோ ஒரு தொன் பன்னீராயிரம் டொலரைத் தாண்டிற்று என்று தினசரிகள் எழுதின. விலையின் ஏற்றம் நாலு மரத்துக்காரனின் முற்றம் வரையில் வந்து சேர்வதற்குள் எத்தனையோ கைகளில் தங்கிவிடுகிறது.

இதற்குப் பிறகுதான் மாணவி ஏற்றுமதி வர்த்தகருக்கு மறுப்புச் சொன்னாள். யானைக்காகவோ கூடைக்காகவோ அன்று. அவர் சொன்ன விலையில், ஆறு நாள் புளித்த கொட்டையை எவரிடமும் வாங்க முடியாது. இப்போது இரண்டு வீட்டுத் தோட்டக்காரர்களுக்குக் கூடுதல் விலை கொடுத்து அம்மாயி சொன்ன முறைப்படி செய்விக்கிறாள். அதனால் அவளுடைய கட்டியின் விலை ஏறிற்று. அதன் விளைவையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ஆயிரம் ரூபாவாவதற்குப் பல ஆண்டு போராட்டம் தேவைப்பட்டது. 2021 இல்தான் அது கிடைத்தது. அவளுடைய ஒரு கட்டியின் விலை ஏறத்தாழ அந்த ஒரு நாட்கூலி. உள்ளங்கையளவு சொக்லேற், ஒரு நாள் முழுவதும் வெயிலிலும் மழையிலும் குனிந்து நிமிர்ந்த உடம்பின் விலை! "சேர், இதை வாங்கக்கூடியவர்கள் கொழும்பு ஏழில் இருக்கிறவர்கள் மட்டும்தானே?" என்று அவளே கேட்டாள். ஆம். கைவினை என்ற சொல்லுக்குள் இருக்கும் முரண்பாடு அது. மலிவாய் விற்பவன் கொட்டைக்காரனைச் சுரண்டி விற்கிறான். சுரண்டாதவன் செய்வது பணக்காரனின் வாய்க்கே எட்டுகிறது. ஐவரிகோஸ்டிலும் கானாவிலும் கொக்கோத் தொழிலிற் பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர்கள் உழைக்கிறார்கள் என்று 2020 இல் வெளியான சிகாகோப் பல்கலைக்கழக ஆய்வு சொல்லுகிறது. ஒரு குசினிக் கிறைண்டர் அந்த உலகத்தைப் புரட்டிவிடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆனால் உறையைப் பற்றிய கேள்வி இருக்கவே செய்தது. யானையும் கூடையும் இல்லையென்றால், எதை வரைவது? அம்மாயியின் முகத்தை வரையலாம் என்று அவள் எண்ணினாள். சுருக்கம் விழுந்த முகம், மூக்குத்தி, பஞ்சுத் தலை. உழைப்பாளியின் முகம் என்று நம் ஏடுகளின் அட்டையிலும் இதையே போடுகிறோம். எனக்கு அது உவப்பாயில்லை. கூடைப் பெண்ணின் சிரிப்பு ஒரு பொய். இந்தச் சுருக்கங்கள் மெய். எனினும் இரண்டும் பார்ப்பவனுக்காகவே வரையப்படுகின்றன. வரையப்பட்டவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அந்த நாள்களிலே கொங்கோ நாட்டைப் பற்றி நான் படித்த ஒரு செய்தியை அவளுக்குச் சொன்னேன். 1911 இல் லீவர் சகோதரர் கம்பனி பெல்ஜியரிடம் பெற்ற பெருநிலத்தில் எழுந்த ஊர் லெவர்வில். எண்ணெய்ப் பனையும் பின்னர் கொக்கோவும் விளைத்து மண்ணை உறிஞ்சிவிட்டுக் கம்பனி போயிற்று. ஊரின் இன்றைய பெயர் லுசாங்கா. அங்கே 2014 இல் தோட்டத் தொழிலாளர்களே ஒரு கலைஞர் சங்கம் அமைத்தார்கள். ஆற்றுக் களிமண்ணாற் சிலை செய்தார்கள்: முன்னோர்கள், கொள்ளையிட்டவர்கள், கலைப்பொருள் சேகரிக்கும் கனவான்கள். அந்தச் சிலைகளின் அளவை இயந்திரத்தாற் பதிந்து, அம்ஸ்டர்டாமிலே சொக்லேற்றில் வார்த்தார்கள். ஆம், சொக்லேற்றிலே! 2017 இல் நியூயோர்க்கிற் காட்சிக்கு வைத்தார்கள். விற்ற பணத்தில் கம்பனி விட்டுப்போன நிலத்தை மீட்டு வாங்கி மரம் நட்டார்கள். 2024 இல் வெனிஸ் நகரத்துக் கலைவிழாவில் நெதர்லாந்தின் மண்டபமே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இதைத் தொடக்கி வைத்தவர் ரென்சோ மார்ட்டென்ஸ் என்ற ஒல்லாந்துக் கலைஞர். புகழ் யாருக்கு, பணம் யாருக்கு என்ற கேள்விகளும் எழுந்தன. எழவேண்டியவையே. ஆயினும் நிலம் கைக்கு வந்தது உண்மை. கொக்கோ விளைத்தவனே கொக்கோவாற் கதை சொன்னான் என்பதும் உண்மை.

அவள் வெகுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்படியென்றால் அம்மாயியை வரையக் கூடாது, அம்மாயி சொல்லுகிறதை வரையவேண்டும்" என்றாள்.

அப்படியே செய்தாள். கண்ணகிக்கு வரைந்ததுபோல் ஆறு கட்டங்கள். காய் உடைத்தல், கொட்டை குவித்தல், வாழையிலை மூடல், கிளறல், கழுவல், காயவைத்தல். முகம் எதுவும் இல்லை. கைகளும் பொருள்களும் மட்டும். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் நாட்கணக்குக்குச் சிறு புள்ளிகள். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி வேண்டுமென்று என்னிடம் கேட்டாள். இலக்கிய நயத்தோடு எழுதிய மூன்றை நானே கிழித்துவிட்டு, 'ஆறு நாள் புளித்தது. மூன்று தரம் கிளறியது' என்று எழுதிக் கொடுத்தேன். சிங்களத்தில் அதை எழுதித் தந்தவர் எங்கள் பாடசாலைச் சித்திர ஆசிரியர். இந்த உறைக்கு ஒரு வசதி உண்டு. எழுத்தறியாத அம்மாயி இதை வாசிக்க முடியும். வாசித்தால் பிழையும் திருத்த முடியும். யானைப் படத்தில் அவர் திருத்துவதற்கு என்ன இருந்தது?

திருத்தவும் செய்தார். முதற் கட்டத்தில் ஒரு கை காயைப் பற்றியிருக்க, மறு கை கத்தியால் அதைப் பிளந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுப் புத்தகங்களிலுள்ள படங்களெல்லாம் அப்படித்தான். அம்மாயி விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "கத்தி போடாத புள்ள" என்றார்.

"ஏன் அம்மாயி?"

"கத்தி கொட்டையில பட்டிரும். பட்ட கொட்டை பூசணம் பிடிக்கும். கணக்கப்பிள்ள அன்னிக்குப் பேர வெட்டிருவாரு. கட்டையால தட்டணும். ஒரு தட்டு, காய் ரெண்டாப் போயிரும்."

மாணவி கத்தியை அழித்துவிட்டு ஒரு மரக் கட்டையை வரைந்தாள். அம்மாயி மறுபடியும் பார்த்தார். பிடி நீளமாம், அவ்வளவு நீளம் இருந்தால் சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு போய்விடுமாம். குசினியிலிருந்து ரொட்டி உருட்டும் கட்டையைக் கொண்டுவரச் சொல்லி, அதை நடுவிற் பிடித்து, இல்லாத காயொன்றை இடக்கையில் ஏந்தி, தட்டிக் காட்டினார். பேத்தி கொப்பியைத் திருப்பி, புதிய பக்கத்தில் அந்தக் கையை வரையத் தொடங்கினாள்.